காபன் செலவைக் குறைத்துத் தரும் சேவை: மட்டக்களப்பு, அம்பாறை அலுவலகங்கள் எதற்குக் காசு கொடுக்கலாம்?

வங்கிக் கிளைகள், தொண்டு நிறுவனங்கள், ஆடைத் தொழிற்சாலைகள், பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் உள்ள விடுதிகள் எல்லாவற்றுக்கும் இப்போது ஏறத்தாழ ஒரே அமைப்பிலான விலைக்கூறல் வருகிறது. தலைப்பு எப்படி இருந்தாலும் உள்ளே நான்கு பகுதிகள்தான்: மின்சார, எரிபொருள் பாவனையை அளந்து பார்க்கும் கணக்காய்வு, ஓர் ஆண்டில் எவ்வளவு காபனீரொட்சைட்டு வெளியானது என்று கூட்டிக்காட்டும் காபன் கணக்கு, ஊழியர் பயிற்சி, கடைசியாக மரநடுகையும் சான்றிதழும். இந்த மதிப்பீடு ஒரு கம்பனியைப் பற்றியது அல்ல, அந்த நான்கு பகுதிகளைப் பற்றியது. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அளவீட்டுக்குத் தாராளமாகக் காசு கொடுங்கள். காபன் கணக்கை யாராவது உங்களிடம் கேட்டால் மட்டும் வாங்குங்கள். பயிற்சி தமிழில் நடந்தால் எடுங்கள். நான்காவதை வெட்டிவிடுங்கள்.

விற்க வருபவர்கள் முதலில் எடுப்பது பயம். "காபன் வரி வரப்போகிறது, ஐரோப்பா எல்லையில் பிடிக்கப்போகிறது" என்பார்கள். இலங்கையில் வாகனங்களுக்கு 2019 இல் விதிக்கப்பட்ட காபன் வரி நீடிக்கவில்லை. அலுவலகங்களுக்கு அப்படி ஒரு வரி விதிக்கப்படவும் இல்லை. இறக்குமதிப் பொருளின் காபனுக்குக் கட்டணம் கேட்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் காபன் ஏற்பாடு சீமெந்து, இரும்பு, அலுமினியம், உரம், ஐதரசன், மின்சாரம் ஆகியவற்றுக்குரியது. அரிசி ஆலைக்கும் விடுதிக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் அதில் நேரடித் தொடர்பு இல்லை. ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த இலக்குகளுக்காகக் காபன் கணக்குக் கேட்பது உண்மை. அது வேறு விடயம். ஆகவே இந்த மாவட்டங்களில் ஓர் அலுவலகத்தின் காபன் செலவு என்றால் கரண்ட் பில், டீசல், பெற்றோல், சமையல் எரிவாயு, ஏசிக்கு அடிக்கும் காஸ் ஆகிய ஐந்தும்தான். எந்தச் சேமிப்பையும் முதலில் அலகிலும் லீற்றரிலும் காட்டச் சொல்லுங்கள். காபன் அதற்குப் பிறகு வரட்டும்.

அளவீடு: இதற்குத்தான் பணம்

நல்ல குழு வருவதற்கு முன்பே கடந்த 24 மாத மின் பில்களைக் கேட்கும். 12 மாதம் போதாது. கச்சான் காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை ஏசி மூச்சுவிடாமல் ஓடும். வாடை மழை பெய்யும் நவம்பர் முதல் ஜனவரி வரை அதே கட்டடத்தின் பில் கணிசமாக இறங்கும். ஓர் ஆண்டு வெயில் பிந்தினாலோ மழை முந்தினாலோ அதை வைத்து மட்டும் சேமிப்பைக் கணக்கிட முடியாது. டிசம்பரில் வந்து ஒருநாள் சுற்றிப்பார்த்துவிட்டு "ஏசி பாவனை பெரிதாக இல்லை" என்று எழுதும் அறிக்கையால் எந்தப் பயனும் இல்லை. விடுதிகளுக்கு இது இன்னும் முக்கியம். அறுகம்பேயில் ஆட்கள் இல்லாத மாதத்தில் அளந்தால் அந்த இலக்கங்கள் கட்டடத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

பிறகு மின்பாவனையைப் பதியும் லொகர் கருவி. குறைந்தது ஏழு நாள் அது பிரதான பலகையில் இருக்க வேண்டும், ஏசி சுற்றுகளுக்குத் தனியாக இன்னொன்று வேண்டும். ஏழு நாள் ஏன் என்றால், காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் அலுவலகம் வெறிச்சோடும், ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஞாயிறு முழுதும் கட்டடம் பூட்டியிருக்கும், ஆனாலும் மீற்றர் சுற்றும். இந்த இரண்டும் வரைபில் தெரிந்தாக வேண்டும். நோன்பு மாதத்தில் வேலை நேரம் மாறுவதால் அந்த மாதத்தை மாதிரியாக எடுக்கக்கூடாது.

லொகர் இல்லாமல், கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீற்றரோடு மட்டும் வரும் குழுக்களும் உண்டு. அதில் ஒரு வழக்கமான பிழை நடக்கிறது. கம்பியில் 10 அம்பியர் ஓடுகிறது, 230 வோல்ட்டால் பெருக்கி 2,300 வாட் என்று எழுதிவிடுவார்கள். அது வோல்ட்-அம்பியர்தான், வாட் அல்ல. பழைய ஏசியில் வலுக் காரணி, அதாவது வோல்ட்-அம்பியரில் உண்மையில் வேலை செய்யும் பங்கு, 0.8 என்றால் உண்மையான பாவனை 1,840 வாட். அறிக்கையில் 25 வீதம் கூடிவிடும். அந்தக் கூடுதல் பிறகு "சேமிப்பாக" மாறி உங்களுக்கே விற்கப்படும். லொகர் பூட்டும்போது ஒரு கிளாம்ப் தலைகீழாக மாட்டப்பட்டால் ஒரு பேஸின் (மின் வரும் மூன்று கம்பிகளில் ஒன்றின்) பாவனை கழித்தலாகப் போய்விடும். பூட்டிய அரைமணி நேரத்தில் வரும் இலக்கத்தை மின்சார சபை மீற்றரோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இது உடனே பிடிபடும். ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள்.

அளவீட்டில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இரவுச் சுமை. இதற்குக் கருவியும் தேவையில்லை. காவலாளி மாலை 7 மணிக்கும் காலை 6 மணிக்கும் மீற்றரைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதினால் போதும். பூட்டிய கட்டடத்தில் 11 மணி நேரத்தில் 13 அலகு ஓடியிருந்தால் சராசரி 1.2 கிலோவாட். நாளுக்கு 9 மணி நேரம், ஆண்டுக்கு 245 நாள் வேலை செய்யும் அலுவலகம் ஆண்டில் ஏறத்தாழ 6,550 மணி நேரம் பூட்டியிருக்கிறது. 1.2 கிலோவாட் அவ்வளவு நேரமும் ஓடினால் 7,800 அலகுக்கு மேல், யாருமே இல்லாத கட்டடத்தில்! சந்தேகிக்க வேண்டியவை எப்போதும் இவைதான்: சூடும் குளிருமாய்த் தண்ணீர் தரும் டிஸ்பென்சர், 18 பாகையில் விடப்பட்ட சேர்வர் அறை ஏசி, மிதவை பழுதாகித் தாங்கி நிரம்பி வழிந்தாலும் நிற்காத தண்ணீர் மோட்டர், தேவைக்கு மேல் பெரிதான யூ.பி.எஸ். டிஸ்பென்சருக்கு ஒரு டைமர் போட்டாலே பில்லில் வித்தியாசம் தெரியும்.

ஏசி

இரு மாவட்டங்களிலும் அலுவலகப் பாவனையில் பெரும்பங்கு இதற்குத்தான் போகிறது. அறிக்கையின் தரத்தை இந்த அத்தியாயத்தை வைத்தே எடைபோடலாம். "ஏசியை 26 பாகையில் வையுங்கள்" என்ற ஒரு வரியோடு முடிந்தால் பணம் வீண். அந்த வரி சரியானதுதான், ஒவ்வொரு பாகை கூட்டும்போதும் ஏறத்தாழ 3 முதல் 6 வீதம் மிஞ்சும். ஆனால் கச்சான் வெயிலில் மேற்குச் சுவர் கொதிக்க, அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே வெறும் சீலிங்கோடு இருக்கும் அறையில் 26 இல் யாரும் இருக்கமாட்டார்கள். இரண்டு நாளில் மீண்டும் 20 க்குப் போய்விடும். சீலிங்குக்கு மேல் வெப்பக் காப்பு, மேற்கு யன்னலுக்கு வெளியே நிழல், கதவுக்குத் தானாக மூடும் கை, அறைக்குள் மின்விசிறி ஆகியவை முதலில் வர வேண்டும். பழைய விசிறி 75 வாட், குறைந்த மின்னில் சுற்றும் புதிய பி.எல்.டி.சி. மோட்டர் விசிறி 30 வாட் அளவில் ஓடும். விசிறி சுற்றினால் 26, 27 பாகையும் தாங்கும். இந்த ஒழுங்கில் எழுதப்பட்ட அறிக்கை உழைத்து எழுதப்பட்டது என்று நம்பலாம்.

கடற்கரையோரக் கட்டடங்களில் வெளியலகை நேரில் பார்க்காமல் எழுதப்பட்ட எதையும் ஏற்க வேண்டாம். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் உப்புக்காற்று வெளியலகின் அலுமினியத் தகடுகளை அரித்துவிடும். தகடு உதிர்ந்தால் வெப்பம் வெளியேறாது, கம்பிரசர் அதிக அழுத்தத்தில் ஓடும், அதே குளிருக்குக் கூடுதல் அலகு போகும். மாதம் ஒருமுறை நன்னீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். அழுத்த நீரைப் பீய்ச்சி அடித்தால் தகடுகள் மடிந்துபோகும். புதிதாக வாங்கினால் பூச்சுள்ள தகடு கேளுங்கள். புளியந்தீவின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் இன்னொரு தொல்லை இருக்கிறது. நாலைந்து வெளியலகுகளை எதிரெதிரே மாட்டியிருப்பார்கள், ஒன்று விடும் சூட்டை மற்றது உறிஞ்சும். இடம் மாற்றுவதுதான் தீர்வு, புது ஏசி அல்ல.

இன்வேர்ட்டர் ஏசி பற்றி ஒரு சொல். குளிரூட்டும் திறன் 24,000 பீ.டி.யூ. உள்ள பழைய வகை ஓடும்போது 2.3 முதல் 2.6 கிலோவாட் வரை இழுக்கும். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வேர்ட்டர் வகையின் நன்மை அது பாதிச் சுமையில் ஓடும்போதுதான் கிடைக்கும். அறைக்குச் சிறிதாக வாங்கினாலோ கதவு திறந்தே கிடந்தாலோ அது நாள் முழுதும் முழுவேகத்தில்தான் ஓடும், சேமிப்பு மிகவும் சுருங்கிவிடும். மின்னழுத்த ஏற்ற இறக்கத்துக்கும், பலகைக்குள் புகும் பல்லிக்கும் எறும்புக்கும் அதன் இலத்திரன் பலகை இலகுவில் பலியாகும். பாதுகாப்புக் கருவியின் விலையையும் சேர்த்தே, போட்ட பணம் திரும்ப எடுக்கும் மீட்சிக் காலம் கணக்கிடப்பட வேண்டும்.

இனி, பெரும்பாலான அறிக்கைகள் ஒரு வரியில் தாண்டிப் போகும் விடயம்: காஸ். "வருசத்துக்கு ஒருக்கா காஸ் அடிக்கிறது" என்பது இங்கே பராமரிப்பின் பகுதி என்றே ஆகிவிட்டது. அடைத்த குழாயில் காஸ் தீராது. தீர்ந்தால் எங்கோ கசிகிறது, பெரும்பாலும் உப்பில் அரித்த இணைப்பு நட்டில். ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐ.பி.சி.சி.யின் நான்காம் மதிப்பீட்டின் பெறுமானப்படி, ஏசி காஸ் வகைகளில் ஒன்றான ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் 2,088 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். பழைய ஆர்-22 என்றால் 1,810, ஆர்-32 என்றால் 675. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ. அதாவது ஒரு ஏசியின் ஒரு கிலோ ஆர்-410ஏ ஏறத்தாழ 780 லீற்றர் டீசலுக்குச் சமமான சேதம். "கடதாசி இல்லா அலுவலகம்" என்று பத்துப் பக்கம் எழுதுகிறார்களே, ஒரு ரீம் ஏ4 கடதாசியின் நிறை 2.5 கிலோதான். நூறு ரீம்களைச் சேமித்தாலும் அந்த ஒரு கசிவுக்கு ஈடாகாது.

ஆகவே சேவை ஒப்பந்தத்தில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: காஸ் குறைந்தால் முதலில் நைதரசன் அழுத்திக் கசிவு கண்டுபிடிக்க வேண்டும், திருத்தி வெற்றிடப் பம்பினால் உறிஞ்ச வேண்டும், தராசில் நிறுத்து நிரப்ப வேண்டும், நிரப்பிய கிராம் அளவு பற்றுச்சீட்டில் வர வேண்டும். அந்தக் கிராம் அளவு இல்லாமல் காபன் கணக்கின் இந்த வரியை யாராலும் நிரப்ப முடியாது. ஆர்-32 எரியக்கூடியது. அதைக் கையாளப் பழகிய மெக்கானிக்தான் தொட வேண்டும்.

பெரிய இணைப்பு, ஜெனரேட்டர், வாகனம்

மின்சார சபையின் பொதுப் பாவனைக் கட்டண வகையில் மிகச் சிறியதான ஜீ.பி.-1 பிரிவில் இருக்கும் சிறு அலுவலகம் என்றால் கேள்விக் கட்டணம் (மாதத்தின் உச்சச் சுமைக்குத் தனியாக அறவிடும் பணம்) கிடையாது. ஆகவே வலுக் காரணியை உயர்த்தும் கெபாசிட்டர் பெட்டி பூட்டி "பில் குறையும்" என்று சொல்பவரை வாசலோடு அனுப்பலாம். 42 கே.வி.ஏ.க்கு (ஆயிரம் வோல்ட்-அம்பியர் ஒரு கே.வி.ஏ.) மேற்பட்ட இணைப்புகளிலும் பெரிய ஆலைகளிலும் கதை வேறு. அங்கே 15 நிமிட இடைவெளியில் அளக்கப்படும் உச்சக் கே.வி.ஏ.க்கு மாதாமாதம் பணம் போகிறது. சம்மாந்துறை, அக்கரைப்பற்று நெல் ஆலை ஒன்றில் 60 கிலோவாட் சுமை 0.75 வலுக் காரணியில் ஓடினால் 80 கே.வி.ஏ. பதிவாகும். 33 கே.வி.ஏ.ஆர். திறனுள்ள கெபாசிட்டர் போட்டு 0.95 க்கு உயர்த்தினால் 63 தான். பணம் மிஞ்சும். ஆனால் காபன் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் ஓடும் அலகுகள் குறையவில்லை. இந்த வேலைக்குக் காபன் சேமிப்புப் போட்டுக் காட்டும் அறிக்கையின் மற்ற இலக்கங்களையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. மோட்டர்களுக்கு வேகக்கட்டுப்பாட்டுக் கருவி பூட்டியிருந்தால் சாதாரண கெபாசிட்டர் சூடேறி வெடிக்கக்கூடும். தடைச்சுருள் சேர்த்த வகை வேண்டும். நெல்லின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அவித்தல் கொதிகலனில் உமி எரிப்பதால் வரும் காபனீரொட்சைட்டு கணக்கில் தனி வரியாக வர வேண்டும், டீசலோடு கலக்கக்கூடாது.

ஜெனரேட்டரில் பார்க்க வேண்டியது அளவு. 2022 மின்வெட்டுக் காலத்தில் அவசரத்தில் பெரிதாக வாங்கியவர்கள் பலர். 60 கே.வி.ஏ. இயந்திரத்தில் 12 கிலோவாட் மட்டும் ஓடினால் அது கால்வாசிச் சுமை. எரியாத டீசல் புகைக்குழாயில் படியும், ஓர் அலகுக்கான லீற்றர் ஏறும். நல்ல சுமையிலேயே ஓர் அலகுக்கு 0.3 லீற்றருக்குக் குறைவாக எதிர்பார்க்க வேண்டாம். வெட்டு நேரத்தில் எந்தச் சுற்றுகள் ஓடலாம் என்று பிரித்துவிட்டாலே சிறிய இயந்திரம் போதும்.

தொண்டு நிறுவனங்களுக்கு மின்சாரத்தைவிட வாகனம் பெரிதாக வரலாம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ஒரு வழி 300 கிலோமீற்றருக்கு மேல். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் டபுள் கேப் போய்வர 60 லீற்றருக்கு மேல் குடிக்கும், அது 160 கிலோவுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டு. இரண்டு பேர் கூட்டத்துக்குப் போவதென்றால் உதயதேவி ரயில் இருக்கிறது. வாகரையிலோ பொத்துவிலிலோ கூட்டம் முடியும்வரை ஏசியைப் போட்டபடி நிற்கும் வாகனம் இன்னொரு ஓட்டை. அதைப் பிடிக்க ஓடிய கிலோமீற்றரையும் ஊற்றிய லீற்றரையும் வாகனம் வாகனமாக மாதாமாதம் ஒப்பிட்டால் போதும், செயலி ஒன்றும் வாங்கத் தேவையில்லை.

காபன் கணக்கும் சூரிய மின்சாரமும்

கொடையாளரோ வாங்குநரோ கேட்டால், காபன் கணக்குக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 14064-1 முறையில் கணக்கு வேண்டும். அப்போது இரண்டு விடயம் பாருங்கள். கணக்கைத் தயாரிப்பவரும் அதைச் சரிபார்ப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது. சரிபார்ப்பை இலங்கை காலநிலை நிதியம் போன்ற வெளி அமைப்பு செய்ய வேண்டும். அடுத்தது, மின்சாரத்துக்கான பெருக்கும் எண், அதாவது ஓர் அலகுக்கு எத்தனை கிலோ காபனீரொட்சைட்டு என்ற கணக்கு. அது நிலையானதல்ல. மழை நன்றாகப் பெய்து நீர்மின் ஓடிய ஆண்டில் ஓர் அலகின் காபன் குறையும். குளங்கள் வற்றி நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயும் ஓடிய ஆண்டில் கூடும். நீங்கள் ஒன்றுமே செய்யாமல் மழையால் குறைந்ததை "எமது ஆலோசனையின் பலன்" என்று யாரும் காட்டாமல் இருக்க, அலகு எண்ணிக்கையைத் தனி நிரலில் கேளுங்கள். எந்த ஆண்டின் எண், எங்கிருந்து எடுத்தது என்றும் எழுதியிருக்க வேண்டும்.

பல குழுக்களுக்குச் சூரியத் தகடு விற்கும் சகோதர நிறுவனம் உண்டு. ஆகவே அறிக்கையின் முடிவு எப்போதும் கூரையில் போய் நிற்கும். சூரிய மின்சாரம் நல்லதுதான், நாங்கள் எதிரிகள் அல்ல. ஒழுங்கு முக்கியம். வீண்பாவனையை வெட்டிய பிறகு எவ்வளவு மிஞ்சுகிறதோ அதற்குத்தான் தகடு. ஒரு கிலோவாட்டுக்கு 5 முதல் 6 சதுர மீற்றர் கூரை போகும். வாடை மாதங்களில் உற்பத்தி நன்றாக விழும். சனி ஞாயிறில் பூட்டியிருக்கும் அலுவலகத்தின் உற்பத்தி முழுதும் வெளியே போகும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரை மின்னைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டதையும் மனதில் வைத்துத்தான் வருமானம் போட வேண்டும். சபைக்கு விற்ற அலகுகளை உங்கள் காபன் கணக்கிலிருந்து கழிக்கவும் முடியாது, நீங்களே பாவித்தவை மட்டும்தான் குறையும்.

பயிற்சி, சான்றிதழ், ஒப்பந்தம்

பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்தில், குளிரூட்டிய மண்டபத்தில், முகாமையாளர்களுக்கு நடக்கிறது. ஏசியின் ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் காரியாலய உதவியாளர். பூட்டும்போது சுற்றிவருபவர் காவலாளி. வாகனத்தை ஓட்டுபவர் சாரதி. இவர்கள் மூவருக்கும் தமிழில் அரைநாள் போதும், சுவரில் ஒட்ட ஒரு பக்கப் பட்டியலும் வேண்டும். அது இல்லாத பயிற்சிக்கு நாங்கள் காசு கொடுக்கச் சொல்லமாட்டோம்.

மரநடுகையை மனமார ஆதரிக்கிறோம். வாவிக்கரையில் கண்டல் வைப்பது இந்த மண்ணுக்குத் தேவையான வேலை. ஆனால் அது உங்கள் அலுவலகத்தின் டீசலைக் குறைக்காது. நட்ட கன்றுகளில் எத்தனை ஓர் ஆண்டு தாண்டின என்ற பதிவு இல்லாமல் "காபன் நடுநிலை" என்ற பலகையைச் சுவரில் மாட்டுவது உங்கள் பெயருக்கே கேடு. அந்தப் பணத்தை ஊரில் வேலை செய்யும் குழுவுக்கு நேரே கொடுங்கள்.

மாத பில் சிறிதாக இருக்கும், இரண்டு மூன்று ஏசி மட்டும் உள்ள அலுவலகத்துக்கு இந்தத் தொகுப்பு தேவையே இல்லை. காவலாளியின் மீற்றர் கொப்பி, ஒரு நல்ல ஏசி மெக்கானிக், வாகனப் பதிவேடு ஆகிய மூன்றும் போதும். 42 கே.வி.ஏ. தாண்டியவர்கள், விடுதிகள், ஆலைகள், பல கிளைகள் உள்ளவர்கள் வாங்கலாம். வருபவர் 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நிலைபேறான சக்தி அதிகாரசபையின் அங்கீகாரம் பெற்ற கணக்காய்வாளரா என்று முதலில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் லொகரின் மூலத் தரவு உங்களுக்குச் சொந்தம் என்று எழுதுங்கள். கட்டணத்தில் கால்பங்கை வைத்துக்கொண்டு, ஓர் ஆண்டு கழித்து அதே மாதத்தில் அதே பலகையில் மீண்டும் ஏழு நாள் அளந்த பிறகு கொடுங்கள். மாசியில் விலைக்கூறல் கேட்டால் கச்சான் தொடங்கும் வேளையில் கருவி பலகையில் இருக்கும்.